பின்பக்க பம்பரும் புகைக் குழாயும்: சட்டத்தின் கோடு எங்கே?

புது தில்லி: சொந்தக் காரின் பின்பக்க பம்பரைக் கழற்றி வேறொன்றைப் பூட்டுவதும், புகைக் குழாயின் முனையில் பளபளக்கும் எஃகுக் குழல் ஒன்றைச் செருகுவதும் விடுமுறை நாளில் வீட்டு வாசலிலேயே முடித்துவிடக் கூடிய வேலைகள். தலைநகரின் காஷ்மீரி கேட், கரோல் பாக் கடைவீதிகளில் இதற்கான பொருள்கள் வெளிப்படையாக விற்கப்படுகின்றன. விற்பவரும் ரசீது தருகிறார். அரசும் வரி பெறுகிறது. ஆனால், வேலை முடிந்து கார் சாலைக்கு வந்த பின் அது சட்டத்துக்கு உள்பட்டதா, புறம்பானதா என்று கேட்டால் திட்டவட்டமான பதிலைப் பெறுவது கடினம். காரை நிறுத்தும் காவலர் ஒரு விதமாகவும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உள்ளவர் வேறு விதமாகவும் சொல்லக்கூடும்.

இது வெறும் கார் பிரியர்களின் கவலை என ஒதுக்கிவிட முடியாது. குடிமகன் தனது உடைமையில் செய்யும் சிறு மாற்றத்துக்கு 6 மாதச் சிறைத் தண்டனை வரை விதிக்க இடமளிக்கும் சட்டம், அந்த மாற்றம் எது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டாமா என்பதே இங்கு எழும் கேள்வி. உயிருக்கு ஆபத்தான மாற்றமும், எவருக்கும் தீங்கு செய்யாத அலங்காரமும் ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்டிருப்பதால், இரண்டுமே சரியாகக் கையாளப்படவில்லை.

சுருங்கிய சலுகை

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இயற்றப்பட்டபோது அதன் 52-ஆவது பிரிவு இத்தனை கண்டிப்பானதாக இல்லை. மாற்றம் செய்ய விரும்பும் உரிமையாளர், பதிவு அதிகாரிக்கு அறிவித்து ஒப்புதல் பெற்றால் போதும். துணைப் பொருள்களைச் சேர்ப்பதாலோ அகற்றுவதாலோ ஏற்படும் எடை வித்தியாசம், பதிவுச் சான்றிதழில் உள்ள எடையில் 2 சதவீதத்தைத் தாண்டாதவரை அந்த ஒப்புதலும் தேவையில்லை என்று சட்டமே சொல்லியிருந்தது. அதாவது, 1,000 கிலோ எடையுள்ள காரில் 20 கிலோ வரை கூடினாலும் குறைந்தாலும் குற்றமில்லை.

2000-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம் இந்தச் சலுகையை நீக்கியது. உற்பத்தியாளர் முதலில் நிர்ணயித்த விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்றிதழின் விவரங்கள் அமையும் வகையில் எந்த உரிமையாளரும் வாகனத்தை மாற்றக் கூடாது என்பது புதிய விதி. எரிவாயு, மின்கலம் போன்ற மாற்று எரிபொருள்களுக்கான கருவிகளைப் பொருத்துவதற்கு மட்டும் நிபந்தனைகளுடன் இடமளிக்கப்பட்டது. பிரிவின் இறுதியில், 'மாற்றம்' என்பது வாகனத்தின் அடிப்படைத் தன்மை மாறும்படியாக அதன் கட்டமைப்பில் செய்யப்படும் மாற்றம் என்ற விளக்கமும் சேர்க்கப்பட்டது. எது அடிப்படைத் தன்மை என்பதை மட்டும் சட்டம் விளக்கவில்லை. சிக்கலின் வேர் இந்த இடத்தில்தான் உள்ளது.

உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன?

2019-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் தேதி நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, இப்பிரிவு குறித்து முக்கியத் தீர்ப்பை வழங்கியது. மாநில விதிகளின் அடிப்படையில் மாற்றங்களை அனுமதித்த கேரள உயர் நீதிமன்ற அமர்வின் நிலைப்பாட்டை அது ஏற்கவில்லை. விதிகள் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டவையே. உற்பத்தியாளர் நிர்ணயித்த அம்சங்களுக்கு முரணாகப் பதிவு விவரங்களை மாற்ற முடியாது என்று அமர்வு தெளிவுபடுத்தியது.

இதன் பின்னணியில் உள்ள வாதம் வலுவானது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-ஆவது விதிப்படி, ஒவ்வொரு வாகன ரகத்தின் முன்மாதிரியும் புணேயில் உள்ள இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம், மானேசரில் உள்ள சர்வதேச வாகனத் தொழில்நுட்ப மையம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகளில் சோதிக்கப்பட்ட பிறகே சந்தைக்கு வருகிறது. பிரேக், விளக்கு, புகை, ஒலி என அனைத்தும் அங்கு அளக்கப்படுகின்றன. அவ்வாறு சோதிக்கப்பட்ட வாகனத்தை வீதியோரப் பட்டறை தன் விருப்பப்படி மாற்றுமானால் சோதனைக்கே பொருளில்லை.

ஆனால், தீர்ப்பு பேசுவது பதிவுச் சான்றிதழின் விவரங்களைப் பற்றி. வாகனத்தின் வகை, உடலமைப்பு, இன்ஜின் எண், சேஸிஸ் எண், சிலிண்டர்களின் எண்ணிக்கை, எரிபொருள், இருக்கைகள், எடை, நிறம் போன்றவை அதில் உள்ளன. பின்பக்க பம்பரின் வடிவமோ, புகைக் குழாய் முனையின் விட்டமோ அதில் இல்லை. எனவே, சொல்லுக்குச் சொல் படித்தால் இவ்விரண்டும் 52-ஆவது பிரிவுக்குள் வாராது என்று வாதிடலாம். முன்மாதிரியின் எந்த அம்சமும் மாறக் கூடாது என்ற நோக்கில் படித்தால் இவையும் தடைக்குள் வந்துவிடும். இரு வாசிப்புகளுக்கும் இடமிருப்பதால், எது செல்லும் என்பதைச் சாலையோரத்தில் நிற்கும் அதிகாரியே முடிவு செய்கிறார்.

தீர்ப்புக்குப் பிறகு கேரள மோட்டார் வாகனத் துறை கண்டிப்பைக் கூட்டியது. 2021 ஆகஸ்டில் கண்ணூரில், யூடியூபில் புகழ்பெற்ற சகோதரர்கள் இருவரின் மாற்றியமைக்கப்பட்ட வேன் பறிமுதல் செய்யப்பட்டதும், போக்குவரத்து அலுவலகத்தில் நடந்த ரகளையைத் தொடர்ந்து அவர்கள் கைதானதும் மாநிலம் முழுவதும் விவாதிக்கப்பட்டன. 2024 மே மாதத்தில் ஆலப்புழை மாவட்டத்தில் காருக்குள்ளேயே தண்ணீர் நிரப்பி நீச்சல் தொட்டி அமைத்துச் சாலையில் ஓட்டிய சம்பவத்தை உயர் நீதிமன்றமும் கவனத்தில் எடுத்துக் கொண்டது. இத்தகைய விபரீதங்களைத் தடுக்க வேண்டும் என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. நீச்சல் தொட்டிக்கும் குழாய் முனைக்கும் இடையிலுள்ள நீண்ட இடைவெளியில் கோடு எங்கே என்பதுதான் தெரியவில்லை.

பம்பர் அலங்காரப் பொருளா?

பம்பர் வெறும் பிளாஸ்டிக் உறை என்று பலரும் எண்ணுகிறார்கள். வெளியே தெரிவது பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் உறை. பல கார்களில் அதற்குப் பின்னால், மோதலின் விசையை உறிஞ்சும் நுரைப் பட்டையும், அதற்கும் பின்னால் உலோகக் குறுக்குச் சட்டமும் உள்ளன. மூன்றும் சேர்ந்ததே பம்பர்.

உறைக்கு வண்ணம் பூசுவதால் இந்த ஏற்பாடு கெடுவதில்லை. அதிலும் கவனம் தேவை. பாலிபுரொப்பிலீன் மீது வண்ணமும் பசையும் எளிதில் ஒட்டாது. அதற்குரிய பிரைமர் இல்லாமல் பூசினால் சில மாதங்களில் உரிந்துவிடும். 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் பின்னோக்கி நகர்த்தும்போது எச்சரிக்கும் உணரிகள் கட்டாயம். பின்பக்க பம்பரில் பதிக்கப்பட்ட அந்த உணரிகளின் மீது பட்டியும் வண்ணமும் தடிமனாகப் படிந்தால், கார் பின்னால் நகரும்போது நிற்கும் குழந்தை உணரியின் கண்ணில் படாமல் போகலாம். பம்பரிலேயே அமைந்த சிவப்புப் பிரதிபலிப்பான்களையும் எண் பலகை விளக்கையும் மறைப்பதும் இரவுப் பயணத்தில் ஆபத்தானது.

உறையை வெட்டி, உள்ளிருக்கும் நுரைப் பட்டையை எறிந்துவிட்டு, இரட்டைக் குழாய்க்கு இடம் பிரிப்பது வேறு வகை. அதைவிடக் கேடானது, பின்புறம் இரும்புக் குழாய்த் தடுப்பைச் சட்டகத்தோடு இறுகப் பூட்டுவது. காரைக் காப்பதற்காகப் பொருத்தப்படும் இந்தத் தடுப்பு, நசுங்கி விசையை வாங்கிக்கொள்ள வேண்டிய பகுதிகளைத் தாண்டி, விசையை நேரே சட்டகத்துக்குக் கடத்துகிறது. பின்னால் வந்து மோதும் இரு சக்கர வாகன ஓட்டிக்கோ அது இரும்புச் சுவர். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், இத்தகைய தடுப்புகள் 52-ஆவது பிரிவை மீறுபவை என்றும், இவற்றின் மீது கண்டிப்பான நடவடிக்கை வேண்டும் என்றும் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது.

2022-ஆம் ஆண்டில் நாட்டின் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக அதே அமைச்சகத்தின் அறிக்கை தெரிவிக்கிறது. பின்னாலிருந்து மோதும் விபத்துகள் மொத்த விபத்துகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். இந்நிலையில், பின்பக்க பம்பரின் உட்புறத்தில் கை வைப்பது தனிமனித ரசனையோடு முடிந்துவிடும் விஷயமல்ல.

குழாய் முனையும் சைலன்சரும்

புகைக் குழாய் விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். முனையில் செருகி, திருகு இறுக்கி நிறுத்தப்படும் எஃகுக் குழல் வெறும் அலங்காரமே. புகையைத் தூய்மைப்படுத்தும் வினைமாற்றியும், ஒலியைத் தணிக்கும் சைலன்சர் பெட்டியும் அதற்கு முன்னாலேயே உள்ளன. முனையில் எதைச் செருகினாலும் புகையின் தன்மை மாறுவதில்லை. ஒலியும் பெரிதாக மாறுவதில்லை. சைலன்சர் பெட்டியையே வெட்டி எடுத்துவிட்டு நேர்க்குழாய் பொருத்துவது முற்றிலும் வேறு. பஞ்சாபில் 'புல்லட் பட்டாக்கா' என்றழைக்கப்படும் மோட்டார் சைக்கிள் வெடிச் சத்தம் இவ்வகையைச் சேர்ந்தது. 2021 ஜூலையில் அலாகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னௌ அமர்வு, மாற்றப்பட்ட சைலன்சர்களின் இரைச்சலைத் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக் கொண்டதும் இதனால்தான்.

ஒலியைத் தணிக்கும் கருவி ஒவ்வொரு வாகனத்திலும் இருக்க வேண்டும் என்று 120-ஆவது விதி கட்டாயப்படுத்துகிறது. 2005 ஏப்ரல் 1 முதல் தயாராகும் பயணிகள் காருக்கான ஒலி வரம்பு 74 டெசிபல். ஆனால், இந்த அளவு உற்பத்தி நிலையில், சோதனைத் தளத்தில் வாகனத்தை ஓட்டி அளக்கப்படுவது. போக்குவரத்து நெரிசலுக்கு நடுவே அதே முறையில் அளப்பது இயலாது. ஆண்டுதோறும் எடுக்கும் புகைச் சான்றிதழ் சோதனையிலும் ஒலி அளவிடப்படுவதில்லை. விளைவு, காதால் கேட்டு, கண்ணால் பார்த்து முடிவு செய்யும் நிலை. இரைச்சல் எழுப்பாத பளபளப்பான முனை கண்ணில் படுகிறது. உள்ளே குடையப்பட்ட சைலன்சர் தப்பிவிடுகிறது.

வீட்டில் இவ்வேலையைச் செய்வோர் அறிய வேண்டிய ஆபத்துகளும் உண்டு. புகைக் குழாய், எரிபொருள் செல்லும் குழாயிலிருந்து 35 மில்லிமீட்டருக்குக் குறையாத தொலைவில் இருக்க வேண்டும் என்கிறது 113-ஆவது விதி. முனை பம்பரின் விளிம்புக்கு உள்ளேயே முடிந்தால், கார்பன் மோனாக்சைடு கலந்த புகை டிக்கியின் இடுக்குகள் வழியே காருக்குள் புகலாம். தில்லியின் குளிர்காலத்தில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நிற்கும் காரில் இது உயிரைப் பறிக்கும். ரப்பர் தொங்கிகளில் ஆடும் குழாய்க்கும் பம்பருக்கும் இடையே போதிய இடைவெளி இல்லையெனில், சுமார் 160 டிகிரி செல்சியஸில் உருகும் பாலிபுரொப்பிலீன் இளகிக் கருகும். தலைநகரில் ஏராளமான கார்கள் எரிவாயுவில் ஓடுகின்றன. அவற்றின் சிலிண்டர் பெரும்பாலும் டிக்கியில்தான் இருக்கிறது. அதற்கு அருகே வீட்டு வாசலில் வெல்டிங் செய்வதைப் போன்ற விபரீதம் வேறில்லை. திருகு இறுக்கும் குழல் போதுமென்றால் அதோடு நிறுத்திக் கொள்வதே அறிவுடைமை.

தண்டனை யாருக்கு?

மத்திய அமைச்சர் நிதின் கட்கரி கொண்டு வந்த 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், அபராதங்களைப் பன்மடங்கு உயர்த்தியது. அதில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, சட்டம் அனுமதிக்காத வகையில் வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஒலி, புகை, சாலைப் பாதுகாப்பு வரையறைகளை மீறி ஓட்டினால் 190-ஆவது பிரிவின்படி முதல் குற்றத்துக்கே 3 மாதம் வரை சிறை, ரூ.10,000 வரை அபராதம், ஓட்டுநர் உரிமத்துக்கு 3 மாதத் தடை எனத் தண்டனை நீள்கிறது.

பாதுகாப்புக்கு இன்றியமையாத பாகங்களைத் தரமின்றி விற்போருக்கும் இதே 182ஏ பிரிவில் ஓராண்டு வரை சிறையும், ஒரு பாகத்துக்கு ரூ.1 லட்சம் அபராதமும் உண்டு. நடைமுறையில் நாம் காண்பது வேறு. பறிமுதல் செய்யப்பட்ட சைலன்சர்களைச் சாலையில் வரிசையாக அடுக்கி, ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் காட்சியைப் பல நகரங்களின் போலீஸார் படமாக்கி வெளியிடுகின்றனர். அவற்றைத் தயாரித்தவர், மொத்தமாக விற்றவர் எவர் என்ற விசாரணை அதே வேகத்தில் நடப்பதில்லை. வாங்கியவர் தண்டிக்கப்படுகிறார், அடுத்த நாள் அதே கடையில் அதே பொருள் தொங்குகிறது.

இன்னொரு சிக்கல் கூட்டாட்சி சார்ந்தது. இயந்திர வாகனங்கள் அரசியல் சாசனத்தின் பொதுப் பட்டியலில் உள்ளவை. சட்டம் மத்திய அரசுடையது, அமல்படுத்துவது மாநிலங்கள். 2019 செப்டம்பரில் புதிய அபராதங்கள் நடைமுறைக்கு வந்த சில நாள்களிலேயே குஜராத் அரசு பலவற்றைக் குறைத்தது. மேற்கு வங்கம் அமல்படுத்தவே மறுத்தது. ஆகவே, ஒரே கார் ஒரு மாநில எல்லையைக் கடந்ததும் குற்றமாகவும், மறு எல்லையில் கண்டுகொள்ளப்படாததாகவும் ஆகிறது. தெளிவற்ற சட்டமும் உயர்ந்த அபராதமும் சேரும் இடத்தில், ரசீதில்லாத 'சமரசம்' தலைதூக்குவது நாடறிந்த உண்மை.

கண்ணாடி தரும் பாடம்

எண்ணிக்கையில் சொல்லப்படும் விதி எவ்வாறு வழக்கைத் தீர்க்கிறது என்பதற்கு அண்மைச் சான்று உள்ளது. கார் கண்ணாடிகளில் கருப்பு பிலிம் ஒட்டுவதை 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. அதன் பின் 100-ஆவது விதி திருத்தப்பட்டு 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும், பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் ஒளி ஊடுருவ வேண்டும் என்ற வரம்பை மீறாத, தரமுள்ள பிலிமை ஒட்டலாம் என்று, திருத்தப்பட்ட விதியின் அடிப்படையில் கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அளவு எண்ணில் இருந்ததால் அதிகாரியின் கண்ணோட்டத்துக்கு அங்கு வேலை குறைந்தது.

ஜப்பான் இதே வழியை 1995-லேயே தேர்ந்தெடுத்தது. பம்பர் சார்ந்த அலங்காரப் பாகங்கள், புகைக் குழாய் முனைகள் உள்ளிட்ட சிறு பொருள்கள் அங்கு பட்டியலிடப்பட்டுள்ளன. பட்டியலில் இல்லாதவற்றிலும் காரின் நீளத்தில் 3 சென்டிமீட்டர், அகலத்தில் 2 சென்டிமீட்டர், உயரத்தில் 4 சென்டிமீட்டர் வரை ஏற்படும் வித்தியாசத்துக்குத் தனி நடைமுறை தேவையில்லை. ஜெர்மனியில் ஒப்புதல் பெற்ற பாகங்களுக்கு அதற்கான சான்று உண்டு. அச்சான்றைக் காரில் வைத்திருந்தால் போதும் என்ற வகைப் பாகங்களும் உள்ளன. இரு நாடுகளும் பாதுகாப்பில் நம்மைவிடத் தளர்ந்தவை அல்ல.

மத்திய அரசு செய்ய வேண்டியது

இதற்காகப் புதிய சட்டம் தேவையில்லை. குறிப்பிட்ட நோக்கங்களுக்காக மாற்றங்களுக்கு விலக்களிக்கும் அதிகாரம் 52-ஆவது பிரிவிலேயே மத்திய அரசுக்குத் தரப்பட்டுள்ளது. மாற்றுத்திறனாளிகள் தங்கள் வாகனத்தைத் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள நாடாளுமன்றம் 2019-இல் வழி செய்தது. மனமிருந்தால் கோடு கிழிக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

மாற்றங்களை மூன்றாகப் பிரித்து ஒரு அட்டவணை வெளியிடலாம். வண்ணம் பூசிய உறை, செருகும் குழாய் முனை போன்றவை அனுமதி தேவையில்லாதவை; மாற்று பம்பர், மாற்று சைலன்சர் போன்றவை தரச் சான்று பெற்ற பாகமாக இருந்தால் மட்டும் அனுமதிக்கத்தக்கவை; இரும்புத் தடுப்பு, ஒலி தணிப்பான் நீக்கம், சட்டகத்தை வெட்டுதல் ஆகியவை எவ்வகையிலும் கூடாதவை. அத்துடன், நின்ற நிலையில் ஒலியை அளக்கும் எளிய சோதனையைப் புகைச் சான்றிதழ் மையங்களில் சேர்த்தால், சைலன்சர் விவகாரம் காதின் தீர்ப்பிலிருந்து கருவியின் தீர்ப்புக்கு மாறும். சான்றில்லாத பாகங்களைத் தயாரிப்பவரிடமிருந்து நடவடிக்கை தொடங்க வேண்டும்.

அதுவரை, கார் உரிமையாளர்கள் எச்சரிக்கையாக இருப்பதே நல்லது. உற்பத்தியாளரே அந்த ரகத்துக்கென விற்கும் துணைப் பொருள்களை ரசீதுடன் வாங்குவது, கழற்றிய அசல் பாகங்களைப் பத்திரப்படுத்துவது, காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்து மூலம் தெரிவிப்பது ஆகியவை பிற்காலத் தகராறுகளைத் தவிர்க்க உதவும். நிறத்தை மாற்றினால் பதிவுச் சான்றிதழிலும் அது இடம்பெறச் செய்ய வேண்டும்.

சாலைப் பாதுகாப்பின் பெயரால் எழுதப்பட்ட பிரிவு, பாதுகாப்போடு தொடர்பில்லாத இடங்களில் மக்களை அலைக்கழித்தால் அதன் மீதுள்ள மதிப்பே குறையும்; உண்மையில் உயிரைக் குடிக்கும் மீறல்களைத் தடுக்கும் வலுவும் அதனுடன் போய்விடும். 2000-ஆம் ஆண்டில் நீக்கப்பட்ட அந்த 2 சதவீதச் சலுகைக்கு மாற்றாக இன்றைய தொழில்நுட்பத்துக்கு ஏற்ற வரம்பு எது என்பதை நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டிய கடமை உறுப்பினர்களுக்கும், அதற்கு விடை சொல்ல வேண்டிய பொறுப்பு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும் உள்ளது.